தாளிக்காதது

வைகாசி முகூர்த்தங்களில்
என் வீட்டுக்காரர் தொடுவதெல்லாம் கொதிக்கும்.
பள்ளத்தூரில் காதணி விழா, கிடா பதினெட்டு.
புதுவயலில் மறுவீடு, கோழி மட்டும் இருநூறு கிலோ.
ஊர் ஊராய் ஓட்டல் பலகைகளில்
கோழிக்கு முன்னால் எங்கள் சீமையின் பெயர் நிற்கிறதே,
அதில் ஒரு புள்ளியாவது
அடைக்கலத்தின் அகப்பை வைத்தது என்பேன்.
பெருமைதான்.

ஆனால் மூன்று மணி வெயிலில்
வண்டியை வேம்படியில் சாய்த்துவிட்டு வருகிறவர்
சட்டையைக் கழற்றும்போதே
கல்பாசியும் அன்னாசிப்பூவும் அறைக்குள் வந்துவிடும்.
"பசிக்குது. சாப்பிடத்தான் முடியல."
சோற்றைப் பார்த்தால் ஆவி தெரிகிறதாம்,
குழம்பைப் பார்த்தால் அடுப்பு.
மோர் கொடுக்கலாம் என்றால்
பால் வாடை சின்ன வயதிலிருந்தே பகை.
ஆயிரம் பேருக்கு இலை போட்ட ஆள்
அரைஞாண் கயிற்றில் ஒரு முடிச்சு கூட்டினார்.

நான் செக்காலை ரோட்டில்
சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள்.
மூலை கிழிந்த பாக்கெட் எங்களுக்குப் பாதி விலை.
அப்படி வந்ததுதான் பாஸ்தா,
திருகாணி திருகாணியாக,
பின்பக்கம் எறும்புக்கால் எழுத்தில் செய்முறை.
படிக்கவில்லை.

வார விடுமுறை, விடியற்காலை ஐந்து மணி.
கத்திரி கண் திறப்பதற்குள்
அடுப்பு வேலையை முடித்துவிட வேண்டும்.
தண்ணீர் தளதளத்ததும் கல்லுப்பு, பிறகு திருகாணிகள்.
பக்கத்திலேயே நின்றேன்.
குழைந்தால் கூழ், முந்தினால் சரளை.
ஒன்றை எடுத்துக் கடித்தேன்,
இன்னொன்றை,
ஐந்தாவது, பல்லுக்கு ஒரு சொல் மட்டும் எதிர்த்துப் பேசியது.
வடித்தேன்.
பானைத் தண்ணீரை மேலே ஊற்றினேன்
குளிக்கவைக்கிற மாதிரி.
ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க
ஒரு கரண்டி கடலெண்ணெய், செக்கில் ஆட்டியது.
அடுப்பை அணைத்தேன், அன்றைக்கு அவ்வளவுதான் நெருப்பு.

மதியம் அவர் வண்டிச் சத்தம் முக்கில் கேட்டபிறகுதான்
வெள்ளரிப்பிஞ்சை நறுக்கினேன்.
முன்பே நறுக்கினால் அழுதுவிடும்.
கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு,
சின்ன வெங்காயம் வட்டம் வட்டமாக,
முந்தினநாள் சுண்டலில் மிஞ்சிய கொண்டைக்கடலை ஒரு கை.
எலுமிச்சை பிழிந்து
மிளகை அம்மியில் ஒரு தட்டு, பொடியாகக் கூடாது.
மல்லித்தழை காம்போடு.

அப்போது என் கை
தானாகவே கடுகு டப்பாவுக்குப் போனது.
தட்டிவிட்டேன்.
இன்றைக்கு இந்த வீட்டில்
எதுவும் வெடிக்கக் கூடாது.

கிண்ணத்தைப் பார்த்தார்.
"யார் காதுலேருந்து கழட்டுன இத?"
ஒன்றை வாயில் போட்டு
உத்தரத்தைப் பார்த்தார்,
அண்டாவில் உப்புப் பார்க்கிற அதே பார்வை.
"தாளிக்க மறந்துட்ட."
"மறக்கல."

மின்விசிறி சுற்றுகிறது.
வெள்ளரி நொறுங்குகிறது.
மாங்காயைத் தேடித் தேடி முதலில் தின்கிறார்,
அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
கிண்ணத்தை நீட்டினார்.
நான் எனக்கு வைத்திருந்ததில் பாதியைச் சரித்தேன்,
பிறகு இன்னும் கொஞ்சம்.
கழுவ ஒரு தண்ணீர் போதுமாயிருந்தது.

நேற்று பில் வரிசையில் ஏழு பேர் நிற்கையில் போன்.
கொத்தமங்கலத்து மண்டபம்,
பின்னால் அண்டா உருளும் சத்தம்,
யாரோ "மாஸ்டர், கோலா உருண்டைக்கு உப்பு" என்கிறான்.
இவர் குரலைத் தாழ்த்துகிறார்,
சின்னவீட்டைப் பற்றி விசாரிப்பவர் போல.
"அந்தத் திருகாணி இருக்கா?"

"கிழிஞ்ச பாக்கெட் இல்ல. முழு விலை."

சற்று நேரம் எண்ணெய் மட்டும் பேசியது.

"போட்டுட்டு வா," என்றார்.
"மாங்கா நான் வாங்கியாறேன்."